மருதானையில் இருந்த ரயில்வே நூதனசாலை: கொழும்புக்கு மறுபடி ஒன்று வேண்டுமா, மண்டபத்தோடு?

மருதானை_மைந்தன்:
போன மாதம் அம்மாவையும் மகளையும் கூட்டிக்கொண்டு கடுகண்ணாவைக்குப் போய் வந்தேன், ரயில்வே நூதனசாலை பார்க்க. கொழும்புக் கோட்டை ஸ்டேசனில் ஏறி, ரம்புக்கனை தாண்டி ஏற்றம் தொடங்கியதும் மகள் ஜன்னலை விட்டு அசையவில்லை. கொடுத்த டிக்கட் காசுக்கு அதுவே போதும். ஆனால் எழுத வந்தது வேறு.

அம்மா ஸ்டேசன் மாஸ்டர் மகள். அங்கே ஒரு டேப்லட் கருவியைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார். ஒற்றைப் பாதையில் இரண்டு கோச்சி நேருக்கு நேர் வராமல் இருக்கப் பாவித்த பெட்டி அது. இந்த ஸ்டேசன்காரர் மணியடித்துக் கேட்பார், அடுத்த ஸ்டேசன்காரர் சம்மதம் கொடுத்தால்தான் இங்கே பெட்டியிலிருந்து வில்லை வெளியே வரும், ஒன்று வெளியே வந்துவிட்டால் அது திரும்ப உள்ளே போகும்வரை இரண்டு பக்கமும் வேறு வில்லை எடுக்க முடியாது, அந்த வில்லை கையில் இல்லாமல் டிரைவர் நகர மாட்டார். இதை மகளுக்குச் சொல்லத் தொடங்கினார். பக்கத்தில் நின்ற நாலைந்து பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். பிறகு ஒரு சிங்களப் பெரியவர் வந்து, மணியடிக்கிற கணக்கை அம்மா பிழையாகச் சொல்கிறார் என்று திருத்தினார். அம்மா விடவில்லை. இரண்டு பேரும் இரண்டு மொழியையும் கலந்து கால்மணி நேரம் சண்டை. நூதனசாலை என்றாலே கொட்டாவி விடுகிற என் மகள் வாய் மூடாமல் பார்த்துக்கொண்டு நின்றாள்.

என் கேள்வி இதுதான். இந்த நூதனசாலை 2009இல் தொடங்கியது மருதானையில், பழைய கொழும்பு டெர்மினஸ் கட்டடத்தில். கொழும்பின் முதல் ஸ்டேசன் அது, 1908இல் மருதானை ஸ்டேசன் வந்ததும் அதன் வேலை முடிந்தது. 2014 டிசம்பர் 27ஆம் திகதி, முதல் கோச்சி ஓடி 150 வருடம் நிறைந்த அன்று, அதைக் கடுகண்ணாவைக்கு மாற்றித் திறந்தார்கள். அங்கே இடம் இருக்கிறது, மலை இருக்கிறது, குறை சொல்லவில்லை. ஆனால் அம்மா மாதிரி ஆட்கள் நிறையப் பேர் இருப்பது தெமட்டகொடையிலும் இரத்மலானையிலும் வெள்ளவத்தையிலும். வாரத்துக்கு ஒரு தரம் கடுகண்ணாவைக்கு யார் போவது? டெர்மினஸிலோ அதுபோல வேறொரு பழைய ரயில்வே கட்டடத்திலோ ஒரு சிறிய நூதனசாலை, அதோடு ஒட்டினாற்போல் சனம் கூடுகிற மண்டபம். நாடகம், பாட்டு, பிள்ளைகளுக்கு வகுப்பு, பழைய ஆட்கள் உட்கார்ந்து கதைக்க ஒரு மூலை. சரிவருமா? திட்டுவதென்றாலும் திட்டுங்கள்.

வெள்ளவத்தை_வாணி:
திட்டவில்லை அண்ணா, எங்கே கையெழுத்துப் போடுவது என்று கேட்கிறேன். நான் நடன வகுப்பு நடத்துகிறேன். போன வருடம் ஆண்டு விழாவுக்கு மண்டபம் தேடி நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஒரு மண்டபத்தில் வாடகை சொன்னார்கள், சரி என்றேன், பிறகு ஒலிபெருக்கிக்குத் தனியே, ஏசிக்குத் தனியே, கூட்டுகிறவருக்குத் தனியே. கடைசியில் தமிழ்ச் சங்கத்தில் நாள் கிடைத்ததால் தப்பினேன், ஆனால் 1942இலிருந்து இருக்கிற ஒரு சங்கம் எத்தனை பேருக்குத்தான் நாள் கொடுக்கும்?

இன்னொன்று, யாரும் யோசிக்காதது. ஸ்டேசனுக்குப் பக்கத்தில் மண்டபம் என்றால் பிள்ளைகள் கோச்சியிலேயே வருவார்கள். தெஹிவளை, இரத்மலானை, மொரட்டுவ எல்லாம் கரையோரப் பாதைதான். வாகனம் நிறுத்த இடம் எங்கே என்று பெற்றோர் என் உயிரை எடுக்கிற கதை முடியும்.

தண்டவாளப்_பித்தன்:
நான் எதிர். கோபிக்க வேண்டாம், காரணத்தோடுதான் எதிர்.

நூதனசாலையோடு மண்டபம் என்றால் இரண்டு வருடத்தில் மண்டபம் மட்டும் இருக்கும். முதலில் நாட்டியம், பிறகு புத்தக வெளியீடு, பிறகு யாரோ பெரியவரின் மகளுக்குக் கல்யாண வரவேற்பு, அன்றைக்கு 'இந்தச் சாமான்களைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளுங்கள்' என்பார்கள். தள்ளியது தள்ளியதுதான். எந்த ஊர் என்று சொல்ல மாட்டேன், ஒரு பழைய சிக்னல் கைகாட்டிக்குப் பூமாலை சுற்றி அதற்கு முன்னால் செல்ஃபி எடுக்கிறதை என் கண்ணால் பார்த்தேன். அதன் நெம்புகோலில் ஒருவர் கோட்டைக் கழற்றித் தொங்கவிட்டிருந்தார்.

மரப்பெட்டி ஒன்றை வைத்திருக்கிற கட்டடத்தில் குத்துவிளக்கு ஏற்றுவீர்களா? ஏற்றாமல் நம் ஆட்கள் ஒரு நிகழ்ச்சி தொடங்குவார்களா? கொழும்புக் காற்றில் இரும்பு எவ்வளவு கெதியாகத் துருப்பிடிக்கும் என்று கடற்கரைப் பக்கம் வீடு இருக்கிறவர்களைக் கேளுங்கள். பழைய அட்டை டிக்கட் ஈரத்தில் ஊதிப்போகும். இதற்கெல்லாம் காசும் ஆளும் வேண்டும், அந்தக் காசை மேடை விளக்குக்குக் கொடுத்துவிடுவீர்கள்.

எனக்கு இயந்திரம் வேண்டும். 1954 முதல் கொழும்புத் திட்ட உதவியில் கனடா கொடுத்த எம்2 டீசல் எஞ்சின்கள், ஒன்டாரியோ, அல்பேர்ட்டா, மனிடோபா என்று கனடா மாகாணங்களின் பெயரோடு வந்தவை, அதில் சிலது இன்றைக்கும் ஓடுகிறது. 2004இல் பெரேலியவில் கடல் அடித்த கோச்சியை இழுத்தது மனிடோபாதான், அதையே திருத்தி மறுபடி ஓடவிட்டார்கள். இப்படி ஒரு இயந்திரத்தின் கதையை ஒழுங்காகச் சொல்லவே ஒரு கட்டடம் போதாது.

நளீம்_தெமட்டகொட:
பித்தன் தம்பி, கோட் தொங்கவிட்ட கதைக்குச் சிரித்துவிட்டேன். ஆனால் ஒரு விஷயம். நாங்கள் இருந்தது ரயில்வே குவாட்டர்ஸ் பக்கம். என் வாப்பாவின் வாப்பா தெமட்டகொட ஷெட்டில் ஃபயர்மேன், கரி அள்ளிப்போட்டே முதுகு வளைந்த மனிதர். அந்த லைனில் தமிழர், சிங்களவர், மலாய்க்காரர், பறங்கியர், எங்கள் ஆட்கள், எல்லாரும் சுவருக்குச் சுவர். நோன்புக் கஞ்சி நாலு வீட்டுக்குப் போகும், நத்தாருக்கு கேக் எங்கள் வீட்டுக்கு வரும், தைப்பொங்கலுக்கு யார் வீட்டுப் பானை முதலில் பொங்கும் என்று பந்தயம். மண்டபம் என்று ஒன்று தனியாக இருக்கவில்லை. இரவு ஷிஃப்ட் முடிந்து வருகிறவர் உட்காருகிற வாசற்படிதான் மண்டபம்.

அதனால் ரயில்வேயையும் கலாசாரத்தையும் யாரோ புதிதாக ஒட்டவைக்கப் போவதாக எழுதுவது எனக்குச் சிரிப்பாக இருக்கிறது. 1923 பொது வேலைநிறுத்தம் தொடங்கியதே ரயில்வே வேலைக்காரரிடமிருந்து. தொழிற்சங்கத் தலைவர் ஏ. ஈ. குணசிங்கவின் பெயர் கொழும்புச் சந்திகளில் பேசப்பட்டதும் அப்போதுதான். மருதானையிலிருந்து கொஞ்சம் நடந்தால் பஞ்சிகாவத்தையில் டவர் ஹோல், 1911இல் திறந்த நாடகக் கொட்டகை. பாட்டனார் காலத்து ஆட்கள் ஷெட்டில் கை கழுவிவிட்டு நேரே அங்கே போவார்களாம், சிங்களம் முழுக்க விளங்காவிட்டாலும் பாட்டுக்காக.

மருதானை_மைந்தன்:
நானா, வாசற்படி கதை அருமை. பித்தன், உங்கள் பயம் எனக்கும் இருக்கிறது. கல்யாணத்துக்குக் கொடுக்கக் கூடாது என்று முதல் விதியாகவே எழுதலாம்.

தண்டவாளப்_பித்தன்:
விதி எழுதுவார்கள். விதிவிலக்கும் எழுதுவார்கள்.

ஹட்டன்_சீலி:
கொட்டாஞ்சேனையில் வேலை, ஊர் ஹட்டன் பக்கம் ஒரு தோட்டம். இரண்டு நாளாக வாசித்துக்கொண்டிருந்தேன், இன்றைக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை, கொஞ்சம் நீளமாகப் போகும்.

இயந்திரம் பற்றிக் கதைத்தீர்கள், குவாட்டர்ஸ் பற்றிக் கதைத்தீர்கள். இந்தப் பாதை எதற்காகப் போட்டது? கோப்பிக்காக. மாட்டு வண்டியில் மலையிலிருந்து கொழும்புத் துறைமுகத்துக்குக் கோப்பி இறங்க வாரக்கணக்கில் ஆனது, துரைமார் சத்தம் போட்டார்கள், பாதை வந்தது. 1867இல் கண்டி, 1885இல் நானுஓயா, கடைசியில் 1924இல் பதுளை. நடுவில் கோப்பிக்கு இலைநோய் வந்து எல்லாம் கருகித் தேயிலை வந்தது, கோச்சி அதையும் இறக்கியது. சரி. அதற்குக் கொழுந்து கிள்ளியவர்கள் எப்படி ஏறினார்கள்? என் பாட்டியின் அம்மா காலத்து ஆட்கள் மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வரைக்கும் காட்டு வழியில் நடந்தார்கள், கொலராவில் பாதியிலேயே செத்தவர்களுக்குக் கணக்கு இல்லை. 1914இல் தலைமன்னார் பாதையும் அந்தப் பக்கம் பாம்பன் பாலமும் வந்த பிறகுதான் அவர்களும் கோச்சி ஏறினார்கள். அதே வருடத்திலிருந்துதான் கொழும்பில் ஒரே டிக்கட் எடுத்து, தலைமன்னாரில் கப்பல் மாறி, தனுஷ்கோடியில் மறுபடி ரயில் ஏறி மெட்ராஸ் வரை போகிற போட் மெயில். கொழும்பு ஆட்கள் அதைப் பற்றிப் பேசும்போது துணி வாங்கப் போனது, படம் பார்க்கப் போனது என்று இனிப்பாகச் சொல்வார்கள். எங்கள் ஆட்கள் அதே பாதையில், அந்தப் பக்கம் மண்டபம் என்கிற ஊரில் இருந்த முகாமில் நாள்கணக்கில் அடைபட்டு, மருந்தடித்து, தகரத்தில் நம்பர் கட்டிக்கொண்டு வந்தார்கள்.

பிறகு அதே பாதையில் திருப்பி அனுப்பினார்கள். 1964 ஒக்டோபரில் இரண்டு நாட்டுப் பிரதமர்களும் செய்த சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம். 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேருக்கு இங்கே குடியுரிமை, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. மனிதரைத்தான் எண்ணினார்கள். இரண்டே மாதத்தில் டிசம்பர் புயல் தனுஷ்கோடியையே அழித்தது, அதனால் கப்பல் இராமேஸ்வரத்துக்குப் போனது. ஹட்டன் ஸ்டேசனில் கோச்சி புறப்படும்போது மேடையில் நின்றவர்களும் பெட்டிக்குள் இருந்தவர்களும் ஒப்பாரி வைத்ததை அம்மா இன்றைக்கும் சொல்வார். அவருடைய அக்கா அந்தக் கோச்சியில் போனவர். பெரியம்மாவை நான் பார்த்ததே இல்லை.

உங்கள் நூதனசாலையில் இதற்கு இடம் உண்டா? இல்லை, நீராவி எஞ்சினுக்குப் பச்சை வர்ணம் பூசி வைப்பீர்களா? முதலில் இதைச் சொல்லுங்கள், மண்டபம் வேண்டுமா வேண்டாமா என்று பிறகு சொல்கிறேன்.

தண்டவாளப்_பித்தன்:
வேதனைதான் சகோதரி, மறுக்கவில்லை. ஆனால் அது குடியுரிமை வரலாறு. ரயில்வே நூதனசாலையில் எல்லாவற்றையும் கொண்டுவந்து போட்டால் அது அரசியல் மேடையாகும் என்பதுதான் என் பயம்.

ஹட்டன்_சீலி:
அண்ணே, நீங்களே மனிடோபா பற்றி எழுதினீர்கள். பெரேலியவில் செத்துப்போனவர்களைச் சொல்லாமல் அந்த எஞ்சினைப் பற்றி ஒரு வரி எழுதுவீர்களா? மாட்டீர்கள்தானே. அந்த எஞ்சினை இயந்திரமாக மட்டும் நீங்கள் நினைக்கவில்லை. தலைமன்னார் கோச்சிக்கும் அதே நியாயம் கொடுங்கள்.

நளீம்_தெமட்டகொட:
பித்தன் தம்பி, இதற்குப் பதில் இருக்கிறதா?

தண்டவாளப்_பித்தன்:
யோசிக்கிறேன் நானா. அவசரப்படுத்த வேண்டாம்.

ஓய்வு_கார்ட்:
பிள்ளைகளே, என் பேரன்தான் இந்த இழையைக் காட்டினான். தட்டச்சு மெதுவாகத்தான் வரும். நான் கார்ட் ஆக இருந்து ஓய்வு பெற்றவன். பெரும்பாலும் வடக்குப் பாதை.

முதலில் மைந்தன் தம்பியின் அம்மாவுக்கு: மணிக்கணக்கு ஸ்டேசன் மாஸ்டருக்குத்தான் தலைகீழ்ப் பாடம், எனக்கு அரைகுறை, அதனால் நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் அவர் சண்டை போட்டது சரி.

யாழ்தேவி 1956 ஏப்ரலில் ஓடத் தொடங்கியபோது நான் சின்னப் பையன். கொழும்பில் அரசாங்க உத்தியோகம் பார்த்தவர்களுக்கு அது வந்த பிறகுதான் ஊர் கிட்டவானது. காலையில் கோட்டையில் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு யாழ்ப்பாணம். வெள்ளிக்கிழமைகளில் பெட்டிக்குள் நிற்க இடம் இராது. திரும்பி வரும்போது பனாட்டு, முருங்கைக்காய், கறுத்தக் கொழும்பான் மாம்பழக் கடகம், எல்லாம் சேர்ந்து ஒரு வாசம். கண்ணை மூடிக்கொண்டே எது போகிற கோச்சி, எது வருகிற கோச்சி என்று சொல்லிவிடுவேன். 1990 ஜூனில் யுத்தத்தால் நின்றது. மறுபடி யாழ்ப்பாணம் வரைக்கும் ஓட 2014 ஒக்டோபர் ஆனது, 24 வருடம். நடுவில் ஸ்டேசன் கட்டடம் வெறும் சுவராக நின்ற படத்தைப் பத்திரிகையில் பார்த்துவிட்டு அன்று இரவு நான் சாப்பிடவில்லை. தண்டவாளத்தையும் சிலிப்பர் கட்டையையும் பதுங்கு குழிக்குப் பாவித்தார்கள். அதில் ஒரு துண்டு தண்டவாளத்தையாவது உங்கள் நூதனசாலையில் வையுங்கள், பக்கத்தில் எந்த விளக்கமும் வேண்டாம், பார்க்கிறவன் கேட்பான், எங்களைப் போல ஒருவன் அங்கே உட்கார்ந்திருந்தால் சொல்வான்.

1980 ஜூலை வேலைநிறுத்தத்தில் இரத்மலானை வேர்க்சொப்பில் தொடங்கி ஆயிரம் ஆயிரமாக வேலை போனவர்களையும் மறக்க வேண்டாம். என் நண்பன் ஒருவன் அதற்குப் பிறகு கோட்டை ஸ்டேசனுக்கு முன்னால் பேனா விற்றான். நான் தொப்பியும் கோட்டும் போட்டுக்கொண்டு அவனைத் தாண்டிப் போவேன். அவன் என்னைக் கண்டும் காணாத மாதிரித் திரும்பிக்கொள்வான், எனக்குச் சங்கடம் வேண்டாம் என்று.

மண்டபத்தைப் பற்றி: எனக்கு முழங்கால் சரியில்லை. படி வைக்காதீர்கள்.

வெள்ளவத்தை_வாணி:
ஐயா, படி இராது. பேனா விற்ற நண்பரைப் பற்றி இன்னும் எழுதுவீர்களா? எழுதக் கஷ்டம் என்றால் பேசுங்கள், நான் வந்து பதிவு செய்கிறேன்.

புறக்கோட்டை_கணக்கு:
எல்லாம் சரி. சல்லி?

பழைய ஸ்டேசனை நூதனசாலையாக்குவது உலகத்தில் புதிது இல்லை, பாரிஸில் 1900இல் கட்டிய ஓர்சே ஸ்டேசன் 1986இல் ஓவிய நூதனசாலையானது. ஆனால் அது பாரிஸ். இங்கே கட்டடம் திணைக்களத்துடையது, பழைய கட்டடம் என்றால் தொல்பொருள்காரர்களும் வருவார்கள், ஓர் ஆணி அடிக்க இரண்டு கடிதம். நீங்கள் கட்டடத்திலிருந்து தொடங்கினால் இந்த இழைதான் மிஞ்சும். என் கருத்து, சாமானிலிருந்தும் ஆட்களிலிருந்தும் தொடங்குங்கள். யாரிடம் என்ன இருக்கிறது என்று ஒரு பட்டியல். எங்கள் கடைக்குப் பின்னால் சாமான் அறையில் ஒரு பழைய ரயில்வே தராசு இருக்கிறது, மாமா ஏலத்தில் எடுத்தது. அதில் வெங்காய மூட்டை நிறுக்கிறோம், இன்னும் பிழையில்லை.

மருதானை_மைந்தன்:
கணக்கு அண்ணன் சொல்வதுதான் நடக்கும் போலிருக்கிறது. அம்மாவிடம் இதை வாசித்துக் காட்டினேன். படி வைக்காதீர்கள் என்று எழுதிய கார்ட் ஐயாவைச் சந்திக்க வேண்டும் என்கிறார். அம்மப்பாவின் விசில் எங்களிடம் இருக்கிறது. அதோடு ஒரு யோசனையும் சொன்னார்: டேப்லட் பெட்டியைக் கண்ணாடிக்குள் வைக்காமல், மண்டபத்தின் இந்தக் கோடியில் ஒன்று அந்தக் கோடியில் ஒன்று வைத்து, பிள்ளைகளை இரண்டு ஸ்டேசனாகப் பிரித்து, மணியடித்துக் கேட்டு, சம்மதம் வாங்கி, வில்லை எடுத்து விளையாடவிட வேண்டுமாம். உண்மையான பெட்டி கிடைக்காவிட்டால் பலகையில் செய்யலாம், பள்ளிக்கூடத்து மின்சார மணி போதும். நடுவில் கோச்சி? வாணியின் மாணவிகள்.

வெள்ளவத்தை_வாணி:
என் மாணவிகள் தாளம் தப்பாமல் வருவார்கள். பிரேக் பிடிப்பார்களா என்று சொல்ல முடியாது.

தண்டவாளப்_பித்தன்:
பலகையில் செய்வதென்றால் நான் செய்து தருகிறேன். வரைபடம் இருக்கிறது, அளவு இருக்கிறது, பூட்டு வேலை செய்கிற மாதிரியே செய்யலாம், சும்மா பொம்மை மாதிரி வேண்டாம்.

சீலி, நீங்கள் கேட்டதற்கு: உங்கள் அம்மா சொன்ன கோச்சி எந்த எஞ்சினால் இழுத்தது, எத்தனை பெட்டி, எந்த நேரம் ஹட்டனை விட்டது, பழைய நேர அட்டவணைகள் என்னிடம் சிலது இருக்கின்றன, தேடுகிறேன். எனக்குத் தெரிந்தது அதுதான். மிச்சத்தை உங்கள் அம்மா சொல்லட்டும், இரண்டையும் ஒரே சுவரில் வைக்கலாம்.

குத்துவிளக்குக்கு இன்னும் எதிர்.

ஹட்டன்_சீலி:
குத்துவிளக்கைப் பல்பில் ஏற்றலாம் அண்ணே. அட்டவணை கிடைத்தால் முதலில் எனக்கு அனுப்புங்கள், அம்மாவுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். எங்களிடம் சாமான் என்று ஒன்றும் இல்லை, பெரியம்மா விட்டுப்போன தகரப்பெட்டியின் சாவி மட்டும் இருக்கிறது. பெட்டியை அவர் கொண்டுபோனார், சாவியை மறந்துவிட்டார்.

ஓய்வு_கார்ட்:
சாவியைக் கொண்டு வா மகள்.

என் கைவிளக்கு இருக்கிறது, மண்ணெண்ணெய் விளக்கு, வெள்ளை சிவப்பு பச்சை மூன்றும் சுழலும். சிவப்புக் கண்ணாடியில் ஒரு கீறல். தருகிறேன், ஆனால் ஒரு நிபந்தனை, பிள்ளைகள் தொட்டுச் சுழற்றக் கூடாதென்று அட்டை எழுதிவைத்தால் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விடுவேன்.

நளீம்_தெமட்டகொட:
சரி, கதைத்தது போதும். வருகிற சனிக்கிழமை மாலை நாலரைக்கு என் வீட்டு வாசற்படி, பழையபடி. படி மூன்றுதான் கார்ட் ஐயா, அதற்குப் பக்கத்தில் நாற்காலி போடுகிறேன், ஏறத் தேவையில்லை. விலாசம் தனியாக அனுப்புகிறேன். கணக்கு, தராசைத் தூக்கிக்கொண்டு வர வேண்டாம், படம் போதும்.

புறக்கோட்டை_கணக்கு:
வருகிறேன். வடை யார்?

மருதானை_மைந்தன்:
அம்மா சுடுகிறார். கோச்சியில் விற்கிற இறால் வடை மாதிரி வேண்டுமா, பருப்பு வடையா என்று கேட்கச் சொன்னார்.